முதல் இருக்கை

என் பக்கம் நியாயம் இருந்ததால்தான் தோற்றேனா?

இசைவியின் நிரலைச் சோதிக்கும் ஜெசிந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி ஓட்டிப் பார்த்தாலும் அதே விடை.

ஒசூரில் இப்போது எந்த வீட்டிலும் சண்டை இல்லை. யாருக்கு யார்மேல் மனத்தாங்கல் என்றாலும் சுவரிலிருக்கும் இசைவி என்ற இயந்திரத்திடம் சொன்னால் போதும், அது தீர்ப்புச் சொல்லும். உள்ளே அது ஒரு சார்புத்தொடர்; சார்பு என்பது ஒரே ஒரு வேலையைச் செய்யும் சின்ன நிரல். ஒவ்வொரு சார்பும் தன் வேலையை முடித்து, விடையை அடுத்த சார்பிடம் தள்ளிவிடும். முதல் சார்பு குறையைக் கேட்கும். அடுத்தது நியாயத்தை அளக்கும். நியாயமில்லை என்றால் வழக்கு அங்கேயே நின்றுவிடும். இருந்தால், குறை சொன்னவரை 'விட்டுக்கொடு' என்ற கடைசிச் சார்புக்கு அனுப்பும். அதில் இரண்டு இருக்கைகள். முதலாவது விட்டுக்கொடுப்பவருக்கு, இரண்டாவது பெற்றுக்கொள்பவருக்கு.

தொடர் வழியே வருபவர் இரண்டாவது இருக்கையில் அமர்வார் என்று நம்பி ஒரு குழு அந்தச் சார்பை எழுதியிருந்தது. தொடரைக் கோத்த இன்னொரு குழுவோ வருபவரை எப்போதும் முதல் இருக்கையில் அமர்த்தியது. ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. அதனால் நியாயம் யார் பக்கமோ அவரே ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுத்தார்.

முன்பு ஆழ்கடல் நிலையத்தின் தலைமைப் பதவி ஜெசிந்தாவைத் தேடி வந்தபோது, ஊரை விட்டு வரமாட்டேன் என்றான் அந்தோணி. கணவனிடம் வாதாடாமல் இசைவியிடம் போனாள். "நீங்கள் விட்டுக்கொடுங்கள்" என்றது. இயந்திரமே சொல்கிறதே, தன்னிடம்தான் ஏதோ பேராசை இருக்க வேண்டும் என்று அதைத் தேடித் தேடி வெட்கப்பட்டு, பதவியை வேண்டாம் என்றாள். இப்படி வெட்கப்பட்டவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டதைத்தான் இசைவியைச் செய்த நிறுவனம் அமைதி என்று விழா எடுத்துக் கொண்டாடியது.

நிறுவனத் தலைவர் குமரகுரு அவள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் காபியைக் கீழே வைத்தார்.

"திருத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு வரிதான் சார். ஆனா இதுவரைக்கும் சொன்ன தீர்ப்பெல்லாம் தப்புன்னு ஊருக்கும் சொல்லணும்."

"ஏம்மா, நிம்மதியா இருக்கிற ஊரை எதுக்குக் கிளறணும்? எத்தனை வீடு உடையும் தெரியுமா? சோதிச்சேன், பிழை இல்லைன்னு கையெழுத்துப் போட்டுடு." பேனாவை அவள் பக்கம் நீட்டினார்.

"உடையற வீடு ஏற்கெனவே விரிசல் விட்டதுதான் சார். மேல சுண்ணாம்பு பூசி வச்சிருக்கோம்."

அவர் சிரித்தார். "சரி, நமக்குள்ள எதுக்குச் சண்டை? அதோ இசைவி. உன் குறையை அதுகிட்டயே சொல்லேன். நியாயம் உன் பக்கம்னா என்ன பயம்?"

சுவரில் பச்சை விளக்கு எரிந்து காத்திருந்தது. பழைய வெட்கம் மறுபடி எட்டிப் பார்த்தது. இந்தமுறை அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"எனக்குக் குறை ஒண்ணும் இல்ல சார். கையெழுத்து வேணும்னு கேக்கறவர் நீங்க. நீங்களே சொல்லுங்க."

குமரகுரு விளக்கின் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். குறை சொல்பவருக்கு எந்த இருக்கை என்பது நினைவுக்கு வந்ததுபோல மூடிக்கொண்டார்.

ஜெசிந்தா பேனாவை எடுத்து, மூடி போட்டு, அவர் காபிக்குப் பக்கத்தில் வைத்தாள்.