ஆளுக்கொரு ஓட்டை

நிருஷா வகுப்பில் தூங்கிவிட்டாள். அதுவும் கணக்குப் பாடத்தில்.

"பன்னிரண்டை மூன்றால் பிரித்தால் எத்தனை?" என்று ஆசிரியை கேட்டதும் திடுக்கிட்டு எழுந்தாள்.

"நாலு ஓட்டை, டீச்சர்!"

விடை சரிதான். ஆனால் அந்த ஓட்டை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வகுப்பே சிரித்தது.

பாவம், அவள் என்ன செய்வாள்? உன்னிச்சை ஊருக்கு அப்பால், வயல்கள் முடியும் இடத்தில் உள்ள மருதடிக்குளத்தில் அவளுடைய அப்பா திவாகரன் மீன் பிடிக்கிறார். மாலையில் வலை விரிப்பார், விடியற்காலையில் போய் எடுப்பார். எடுக்கும்போது வலையில் நாலு ஓட்டை இருக்கும். எல்லாம் குளத்து நீர்நாய்களின் வேலை. வலையில் சிக்கிய மீனை அவை அப்படியே பிய்த்து இழுத்துத் தின்றுவிடும்.

"ஆளுக்கொரு ஓட்டை போடுறாங்கள். ஒருத்தரும் குறை வைக்கிறதில்ல," என்று அப்பா பெருமூச்சு விடுவார்.

அம்மா விடியுமுன்னே பஸ் ஏறித் தையல் தொழிற்சாலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவோடு வலை பொத்துவது நிருஷாவின் வேலை. வலை குளத்துக்குப் போன பிறகுதான் வீட்டுப்பாடம். அப்போது கண் இமைகள் தாமாக மூடிக்கொள்ளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. நீர்நாய்களைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்களாம்!

மட்டக்களப்பிலிருந்து வனவிலங்கு அதிகாரி கிளரன்ஸ் வந்திருந்தார். அந்த மாதத்தில் இது மூன்றாம் தடவை. மோட்டார் சைக்கிளில் சேறு, காற்சட்டையில் சேறு, மூக்கு நுனியிலும் கொஞ்சம் சேறு. மீனவர் சங்கக் கட்டடத்தில் ஒரு கொட்டாவியோடுதான் பேசத் தொடங்கினார்.

"மட்டக்களப்பு வாவிக் கரையில, உப்புத்தண்ணிக் கண்டல் காட்டில முந்தி நிறைய நீர்நாய் இருந்திச்சு. இப்ப ஒண்டே ஒண்டுதான் மிஞ்சிக் கிடக்கு. சோடி இல்ல. இப்படியே விட்டா அதுவும் இல்லாமப் போயிரும். உங்கட குளத்தில பன்னிரண்டு இருக்கு. ஆறைக் கொண்டு போய் அங்க விடுவம். ஆறு இஞ்ச இருக்கட்டும்."

"ஆறென்ன, பன்னிரண்டையும் கொண்டு போங்க சேர்," என்றார் பேரின்பம் மாமா. பெயர்தான் பேரின்பம். அவரும் அந்தக் குளத்து மீனவர்தான். அவர் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

மீன் வாங்குவதற்காக ஏறாவூரிலிருந்து வந்து காத்திருந்த றமீஸ் நானாவும் வாயைத் திறந்தார். "வேணுமெண்டா என்ட மீன் பெட்டியில ஏத்தலாம் சேர். ஆனா மீனையும் அதுகளையும் ஒண்டா ஏத்த மாட்டன்!"

எல்லோரும் சோர்வோடு சிரித்தார்கள். கையெழுத்துத் தாள் கைமாறி வந்தது. நிருஷா அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மீனவர்கள் சொன்ன கணக்கு அதில் இருந்தது.

வான் பக்கம் நாலு. துருசடி நாலு. தாமரைப் பக்கம் நாலு. மொத்தம் பன்னிரண்டு.

நிருஷாவுக்குத் தூக்கம் கலைந்தது.

அந்தக் குளத்தில் மீன் பிடிக்க மூன்று இடங்கள்: மிகைநீர் வழியும் வான், மதகு இருக்கும் துருசடி, தாமரை படர்ந்த பக்கம். மீனவர்களும் மூன்று பேர். கிழமைக்கு ஒரு முறை சீட்டுப் போட்டு இடம் மாற்றிக்கொள்வார்கள். ஒருவருக்கு விழுந்த இடத்துக்கு அந்தக் கிழமை மற்றவர் தோணியை விடக் கூடாது. ஒளிந்துநின்று பார்ப்பதும் மரியாதை இல்லை. அது சங்கத்தின் பழைய கட்டுப்பாடு.

சனி, ஞாயிறுகளில் அப்பாவின் தோணியில் முன்னால் இருந்து தண்ணீர் இறைப்பவள் நிருஷா. அப்பா குனிந்த தலை நிமிராமல் வலை இழுப்பார். அவள் நீர்நாய்களைப் பார்ப்பாள். முதல் கிழமை வான் பக்கத்தில் இடது காது கிழிந்த ஒரு தாயும் பின்னால் மூன்று குட்டிகளும் நீந்தின. அடுத்த கிழமை துருசடியிலும் கிழிந்த காது. இந்தக் கிழமை தாமரைப் பக்கத்திலும் அதே கிழிந்த காது.

பேனா அப்பாவின் கைக்கு வந்தது.

பேசாமல் இருந்தால் போதும். ஓட்டை இராது, வலை பொத்தவேண்டாம், ஆசைதீரத் தூங்கலாம். நிருஷாவுக்கு அந்தத் தூக்கம் உண்மையாகவே வேண்டியிருந்தது. நைலோன் நூல் அறுத்த விரல்களைப் பார்த்தாள். அந்த மூன்று குட்டித் தலைகளும் கண்முன்னே வந்து நின்றன.

"அப்பா, கையெழுத்து வெக்காதீங்க," என்றாள். "பன்னிரண்டு இல்ல. நாலுதான். அந்த நாலுதான் எல்லா இடத்துக்கும் போகுது."

"என்ட இடத்தில நிக்கிறது வேற!" என்று பேரின்பம் மாமா சீறினார். "என்ட கண்ணால எண்ணினது புள்ள!"

கிளரன்ஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் ஒரே நாலை மூண்டு தரம் கூட்டிப்போட்டனா?"

"மூண்டு இடத்திலயும் ஒரே நேரத்தில ஆள் நிண்டு பாத்தா தெரிஞ்சிரும் சேர். நாளைக்கு விடிய," என்றாள் நிருஷா.

"நாளைக்கு விடியவா?" மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பிவரும் தெம்பு அவருக்கு இல்லை. அன்றிரவு சங்கக் கட்டடத்து மர வாங்கிலேயே படுத்துவிட்டார். நுளம்புகளுக்கு நல்ல விருந்து.

விடிந்தும் விடியாத நேரம். கிளரன்ஸ் வீங்கிய கன்னத்தோடு, மூன்றாவது மீனவரின் இடமான வான் பக்கத்தில் நின்றார். துருசடியில் பேரின்பம் மாமா. தாமரைப் பக்கத்தில் அப்பாவும் நிருஷாவும் தோணியில் இருந்தார்கள்.

தாமரை இலைகள் அசைந்தன. ஒரு தலை எழும்பியது. கிழிந்த காது! பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று.

அப்பா கைபேசியை எடுத்தார். "இஞ்ச நாலு நிக்குது. உங்கட பக்கம்?"

"ஒண்டுமில்ல," என்றார் கிளரன்ஸ்.

"இஞ்சயும் இல்ல. ஆனா இப்ப வரும், பொறுங்க," என்றார் பேரின்பம் மாமா.

நான்கும் தண்ணீருக்குள் அமிழ்ந்தன. கொஞ்ச நேரம் கழித்துக் கைபேசி அலறியது.

"வந்திட்டாங்கள்! நாலு பேரும் வந்திட்டாங்கள்! நான் சொன்னனான்தானே, என்ட இடத்து..." பேரின்பம் மாமாவின் குரல் சட்டென்று இறங்கியது. "பொறு, பொறு. முன்னுக்கு வாறதுக்கு ஒரு காது கிழிஞ்சு கிடக்கு."

அப்பா தோணியைக் கரைக்குத் திருப்பினார்.

கரைக்கு வந்ததும் கிளரன்ஸ் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஆறு பிடிக்க வந்து, நாலையும் பிடிச்சிருப்பன். பிறகு மிச்சம் ரெண்டையும் தேடித் திரிஞ்சிருப்பன்," என்றார். "நல்ல காலம் புள்ள."

"வாவிக் கரையில தனிய இருக்கிறது என்ன செய்யும் சேர்?" என்று நிருஷா கேட்டாள்.

"அது பாவந்தான். ஆனா அதுக்காக இந்தக் குளத்தை வெறுமையாக்க ஏலாது. இதுகள் பெருகட்டும். அப்ப வந்து கேக்கிறன்." மோட்டார் சைக்கிளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இன்னும் எத்தனை தரம் வரணுமோ!"

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா தலை குனிந்தபடியே நடந்தார்.

"கோவமா அப்பா?"

"கோவமில்ல மகள். களைப்பு." கொஞ்சத் தூரம் நடந்தார். "வலை இழுக்கிற மும்முரத்தில நான் ஒரு நாளும் அதுகளிட முகத்தைப் பாக்கல்ல."

அதன்பின் ஒரு மாற்றம் மட்டும் நடந்தது. மீன் நிறுத்து முடியும்வரை சும்மா குந்தியிருக்கும் றமீஸ் நானாவின் கையில் பேரின்பம் மாமா ஒரு வலை ஊசியைக் கொடுத்தார். நானா போட்ட முடிச்சுகளில் பாதி அவிழ்ந்துபோயின. இருந்தாலும் நிருஷாவுக்கு மாலையில் ஒரு ஓட்டைதான் மிஞ்சியது.

அடுத்த சனிக்கிழமை அப்பா வலையைத் தோணிக்குள் இழுத்து, ஓட்டைகளை எண்ணினார்.

"ஒண்டு... ரெண்டு... மூண்டு."

நின்றார். மறுபடி எண்ணினார். மூன்றுதான். அவருடைய முகம் வாடிப்போயிற்று. தலை நிமிர்ந்து தாமரைப் பக்கம் பார்த்தார். துருசடிப் பக்கமும் பார்த்தார்.

"நாலாவது எங்க போச்சு மகள்?"

நிருஷா வலையின் மறு நுனியைப் பிடித்தாள். இருவரும் வலையை முழம் முழமாகப் பிரித்துப் பார்த்தார்கள். கடைசி மூலையில், றமீஸ் நானா பொத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், மீன் செதில் ஒட்டியபடி, கை நுழையும் அளவுக்குப் பிய்ந்த ஓர் ஓட்டை.

"இஞ்ச கிடக்கு!" என்று அப்பா கத்தினார். "நாலாவதும் இஞ்ச கிடக்கு மகள்!"

நிருஷா பெரிய கொட்டாவி ஒன்றை விட்டபடி, சிரித்துக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தாள்.