கருவாடு காயும் மாடி

சமையல் குறிப்பு திறந்தது. செய்தித்தாள் திறந்தது. விமானக் கம்பெனியின் பக்கம் மட்டும் திறக்கவில்லை. அப்படி ஒரு பெயரே இல்லை என்று திரை சொன்னது.

ரிஃபா ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து மறுபடி அடித்தாள். அதே பதில். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊருக்கு வருகிறேன் என்று சுஹைல் டிக்கெட் நம்பர் வரை சொல்லியிருந்தான். கல்யாணம் முடிந்து ஷார்ஜாவுக்குப் போனவன் ஒவ்வொரு பெருநாளைக்கும் இதையேதான் சொல்கிறான், வந்த பாடில்லை. இந்த முறையும் பொய் என்றால் கோட்டாற்றில் உம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்து, கட்டிலுக்கடியில் துணிப்பை ஒன்றைத் தயாராக வைத்திருந்தாள்.

வெளியே ஐப்பசி மழை தென்னை ஓலைகளில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து வரும் மீன் வாடையும், மாடியிலிருந்து படிக்கட்டு வழியே இறங்கும் கருவாட்டு வாடையும், சுஹைலின் தாயான மாமி கதீஜா உம்மாள் அதை அமுக்கப் போடும் சாம்பிராணிப் புகையும் கலந்து, ஈரத்துணி போல அறையில் தொங்கின. துணி வியாபாரிகளின் தெருவில் வளர்ந்த ரிஃபாவுக்கு அந்த வாடை ஒருநாளும் பழகவில்லை. "மேலே கருவாடு காயுது மோளே, நீ ஏறாண்டாம். உனக்குக் குமட்டும்" என்று வந்த புதிதிலேயே மாமி சொல்லிவிட்டாள். உப்பு மூட்டையைக்கூடத் தானே சுமந்து ஏறுவாள். மழைக்காலத்தில்கூட ஏறுவாள். இப்படி ஒரு மாமி யாருக்குக் கிடைக்கும் என்று போனில் உம்மாவிடம் ரிஃபா பெருமையடித்ததற்குக் கணக்கே இல்லை.

கல்யாணத்துக்கு முன் அவள் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள். பெயரைச் சொன்னால் கம்ப்யூட்டருக்கு வழி தெரியாது. இந்தப் பெயருக்கு என்ன எண் என்று வெளியே இன்னொரு கம்ப்யூட்டரிடம் அது கேட்கும். எண் கிடைத்தால்தான் போகும். யாரிடம் கேட்கிறது என்று பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும். கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையை அடித்தாள்.

'இல்லை' என்று பதில் சொன்ன கம்ப்யூட்டரின் முகவரி மேலே வந்தது. 192.168.1.5.

அது வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற எண். மூலையில் மினுக்கும் மோடம் ஒன்று. இரண்டாவது அவள் லேப்டாப். நெட்டில் சேர மூன்றாவதாக அந்த வீட்டில் எதுவும் இல்லை.

சுஹைல் ஊரை விட்டுப் போகுமுன் மோடத்தைத் தானே மாட்டி, "இதில கை வைக்காண்டாம்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. எது திறக்கலாம், எது திறக்கக்கூடாது என்று இத்தனை நாளும் வீட்டுக்குள்ளிருந்தே ஒன்று தீர்மானித்திருக்கிறது. ரிஃபாவுக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம். பெயர் கேட்கும் முகவரியை அழித்து, வெளியே உள்ள ஒன்றைப் போட்டாள். விமானக் கம்பெனி உடனே திறந்தது. நம்பரை அடித்தாள்.

அப்படி ஒரு டிக்கெட் இல்லை.

அப்போதுதான் வீடியோ கால் மணி அடித்தது. மஃரிபு தொழுகைக்கு முன்னால் தினமும் சுஹைல் கூப்பிடுகிற நேரம். அதே நீலத் திரைச்சீலை, அதே நீலச் சட்டை.

"சாப்பிட்டியா?"

"டிக்கெட் எங்க மச்சான்?"

அவன் சிரித்தபடியே இருந்தான். "நெட்டை மாத்தினியா? மாத்தாண்டாம்னு சொன்னேன்லா."

அவனுக்கு எப்படித் தெரிந்தது? அவன் பேசப் பேச, இந்த வீடியோ கால் எங்கிருந்து வருகிறது என்று கறுப்புத் திரையில் பார்த்தாள்.

192.168.1.5.

வழியனுப்ப ஏர்போர்ட்டுக்குப் புதுப்பெண் போகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சுஹைல் கிளம்பிய அன்று அறைக்குள்ளிருந்து கார் கிளம்புகிற சத்தத்தை மட்டும்தான் அவள் கேட்டாள். கூடப் போய்த் திரும்பியது மாமி ஒருத்திதான்.

கரண்ட் போனது. மின்விசிறி முனகி நின்றது. மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது.

அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

"ரிஃபா. முகத்தைக் காட்டு."

பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. ஜன்னல் வழியாக ஒன்று. லேப்டாப்பிலிருந்து ஒன்று. ஒரே குரல், ஒரே மூச்சு. ஷார்ஜாவில் இன்னும் வெயில் இருக்கும். அவன் முகத்துக்குப் பின்னால் மழைச் சத்தம்.

திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. சோற்று உருண்டையோடு ஒரு கை. ஒற்றை வளையல். அவளுக்குத் தெரிந்த வளையல்.

"வாயைத் திற மோனே."

சுஹைல் வாயைத் திறந்தான்.

ரிஃபா எழுந்தாள். பையை எடுக்கத் தோன்றவில்லை. வாசலுக்கு ஓடியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் தன்னை முட்டாளாக்கியவர்களின் முகத்தை நேரில் பார்க்காமல் அவளால் போக முடியவில்லை. படி ஏறினாள். ஈரமான படிகள். வாடை தடித்தது. சாம்பிராணி. உப்பு.

மாடிக் கதவு திறந்திருந்தது.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நீலத் திரைச்சீலை. அதன் முன்னால் ஒரு லேப்டாப், செத்த திரையோடு. தரையெல்லாம் கல்லுப்பு. மாமி தட்டோடு திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் திடுக்கிடல் இல்லை. அசதிதான் இருந்தது.

"மாமி... என்னை ஏன்..."

"ஏர்போர்ட்டுக்குப் போற வழியிலயே என் பிள்ளை போயிட்டான் மோளே. ஆனா பேசணும்னு கிடந்தான். உன் பேரைத்தான் கேட்டான்." மாமி தட்டைக் கீழே வைத்தாள். "சொல்லியிருந்தா நீ உன் உம்மா வீட்டுக்குப் போயிருப்பே. பிறவு அவன் ஆருகிட்டப் பேசுவான்?"

மாமி அவளைத் தாண்டிப் போனாள். கதவு சாத்தும் சத்தம். வெளியே தாழ்ப்பாள். கீழே, ஆளில்லாத அறையில், அவள் லேப்டாப்பிலிருந்து அவன் குரல் கேட்டது.

"எங்க போனே ரிஃபா?"

நாற்காலியில் நீலச் சட்டை இருந்தது. அதற்குள் கறுத்து, சுருங்கி, உப்புப் பூத்த ஒன்று. கண் இருந்த இடத்தில் கண் இல்லை. காய்ந்த உதட்டில் புதுச்சோறு ஒட்டியிருந்தது.

"ஓ. மேல வந்தியா" என்றது கீழேயிருந்து குரல்.

நாற்காலியில் இருந்ததன் தாடை மெதுவாக அசைந்து, சோற்றை மென்றது.