இரண்டு பாதிகளுக்கு நடுவே

மூன்று நாளாக ஓடாத எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தது.

ஜெரிஷ் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான். மத்தியானம் மூன்று மணி. தாடகை மலைப் பக்கமிருந்து இறங்கிய மழை பூதப்பாண்டி வயல்களை மறைத்துக்கொண்டு வந்து, பட்டறையின் தகரக் கூரைமேல் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் நெடிக்கும் பழைய ஆயிலின் கருகல் வாடைக்கும் அடியில் இன்னொரு வாசனை, பாலும் ஈரத்துணியும் கலந்ததுபோல, மெல்ல எழுந்து வந்தது.

"ஓடும்போ உள்ள இன்னொரு சத்தம் கேக்குது மக்கா. எனக்குப் புடிக்கல்ல." வாடிக்கைக்காரன் செல்வதாஸ் அப்படிச் சொல்லித்தான் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுப் போயிருந்தான். ஜெரிஷ் எஞ்சினை இறக்கி, அதன் வெளிக்கூடான கிராங்க் கேஸை இரண்டு பாதியாகப் பிரித்து, தேய்ந்த பேரிங்கை மாற்றியாகிவிட்டது. இனி மூட வேண்டியதுதான்.

பட்டறைச் சுவருக்கு அந்தப்புறமே வீடு. ஜன்னலோரக் கட்டிலில் பெபிஷா படுத்திருந்தாள். ஆறு வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. இது ஏழாம் மாதம்.

"மழையிலயும் ஒங்க மூத்த பொண்டாட்டிகூடத்தானா?"

"அவளுக்க நெஞ்சத் தொறந்து போட்டிருக்கேன் ஏட்டி. மூடிட்டு வாறேன்."

"சீக்கிரம் வாருங்க. நீங்க தட்டத் தட்ட பிள்ள உள்ள கெடந்து துள்ளுது."

அவன் சிரித்துக்கொண்டே விளிம்பில் பசை தடவி, மேல்பாதியை இறக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்காரவைத்தான். பிரிக்கும்போதே எஞ்சினின் உருவத்தை ஓர் அட்டையில் வரைந்து, கழற்றிய போல்ட்டை எல்லாம் அதனதன் இடத்தில் குத்தி வைப்பது அவன் வழக்கம். ஒவ்வொன்றாக உருவி முறுக்கினான். பிறகு உள்ளே சுழலும் தண்டான கிராங்கைக் கையால் சுற்றினான்.

பாதிச் சுற்றில் நின்றது. இரும்பு இரும்பில் முட்டவில்லை. மெத்தென்று எதிலோ அழுந்தியது.

"அம்மே!" என்றாள் பெபிஷா.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. ஒரு இழுப்பு."

மெதுவாக இன்னும் கொஞ்சம் சுற்றினான். அவள் அலறினாள். கையை எடுத்தான். அலறலும் நின்றது.

அட்டையைப் பார்த்தான். எல்லாத் துளையும் காலி. வெளியே எதுவும் விடுபடவில்லை. அப்படியென்றால் உள்ளேதான் ஏதோ கூடுதலாக இருக்கிறது.

போல்ட்டுகளைக் கழற்றித் தரையில் எறிந்தான். பசை காயக்கூட இல்லை, ஒரு தட்டுக்கே பிரிந்திருக்க வேண்டும். பிரியவில்லை. தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் சுவருக்கு அப்பால் அவள் கதறினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மேல்பாதியை இழுத்தான். ஈரமான ஒரு சத்தத்தோடு விரலளவு திறந்தது.

அவள் மூச்சு வாங்கினாள். எஞ்சினை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான். இரண்டடிதான். பின்னால் 'டப்' என்று தானாகவே மூடிக்கொண்டது. அவள் போட்ட சத்தத்தில் மழை கேட்கவில்லை.

திரும்பி ஓடிவந்து பிடித்து இழுத்தான். திறந்தது. விடக்கூடாது. விட்டால் மூடும்.

போன் எதிர்ச் சுவர் அலமாரியில் கிடந்தது. எட்டாது. அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டான். தகரத்தின்மேல் மழை.

"இஞ்சேருங்க... வாருங்களேன்..."

"இந்தா வாறேன் மக்கா. வாறேன்."

நகர முடியவில்லை. விரல்கள் மரத்தன. சாண் அகலச் சுவர். அவ்வளவுதான். போக முடியவில்லை.

சட்டென்று அவள் கதறல் நின்றது.

"வலி போச்சு," என்றாள். குரல் மெலிந்திருந்தது. "ஒரு பொட்டு ரத்தம்கூட இல்ல. வயிறு வத்திப்போய்க் கெடக்கு. இஞ்சேருங்க... பிள்ள எங்க?"

அவன் குனிந்து இடைவெளிக்குள் பார்த்தான்.

இடைவெளியின் இருட்டிலிருந்து, ஆயிலில் நனைந்து, நகம் முளைத்த ஐந்து சின்ன விரல்கள் வெளியே வந்து விளிம்பைப் பற்றிக்கொண்டன.

அவன் கைகளுக்குள் மேல்பாதி கனக்கத் தொடங்கியது. மெல்ல, ஒரு நெல்லளவு, இறங்கியது.