மருமகன் வந்தால் மறையும் படம்

"எங்க அப்பா வீட்டு டிவியால என் குடும்பமே ரெண்டாயிடும் போலிருக்கு" என்றபடி கடைக்குள் வந்தவளைப் பார்த்ததும், மெக்கானிக் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

அவள் கணவன் மாமனாருக்கு ஆசை ஆசையாக வாங்கித் தந்த ஹோம் தியேட்டர் அது. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இந்த இரண்டு மாதமாக, மருமகன் கூடத்தில் கால் வைத்தாலே திரை கறுத்துவிடுகிறது. தன்னைப் பார்க்கப் பிடிக்காமல் மாமனார்தான் அணைக்கிறார் என்று அவன் நினைத்தான். இனி அந்த வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று நேற்று சொல்லியும் விட்டான்.

"சத்தமும் போயிடுதா?"

"இல்ல சார், பாட்டு அதுபாட்டுக்கு ஓடும். படம் மட்டும் போயிட்டு, ரெண்டு மூணு செகண்ட்ல தானா வந்துடும்."

"அப்ப இது ரிமோட்டோட வேலை இல்ல. அணைச்சா தானா திரும்பாது."

"மாப்பிள்ளையோட செல்போன்தான்!" என்று துள்ளினார் கடையில் கூட இருந்த மெக்கானிக்கின் மச்சான். "கேஸ் முடிஞ்சுது!"

மறுநாள் அவள் கெஞ்சிக் கூத்தாடிக் கணவனை அழைத்து வந்து அப்பா வீட்டு வாசலில் நிறுத்தினாள். மச்சான் அவன் செல்போனை வாங்கிக்கொண்டு கூடத்துக்குள் மூன்று முறை நடந்தார். திரை கறுக்கவில்லை. மச்சானின் முகம்தான் கறுத்தது.

மெக்கானிக் அப்பாவின் புது நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வாங்கியது; உயரத்தை ஏற்றி இறக்கும், ஆபீஸில் இருப்பது போன்ற நாற்காலி. சத்தத்தைத் தரும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து டிவிக்குப் படத்தைக் கொண்டுபோகும் நீளமான எச்டிஎம்ஐ கேபிள் அதன் அடியில் தரையோடு ஓடியது.

"இப்ப அவரைக் கூப்பிடுங்க."

கணவன் உள்ளே வந்தான். அப்பா எழுந்தார். திரை கறுத்தது.

"ஐயா, இன்னொரு தடவை உட்கார்ந்து எழுந்திரிங்க."

மறுபடியும் கறுத்தது.

"சத்தம் நிக்கல, அதனால ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் குத்தமில்ல. மிச்சம் இந்தக் கேபிள்தான்" என்றார் மெக்கானிக். "இந்த மாதிரி நாற்காலியிலேருந்து எழுந்தா சில சமயம் சின்னதா ஒரு மின் அதிர்வு கிளம்பும். கேபிளோட மேலுறை மட்டமானது, அந்த அதிர்வை உள்ள விட்டுடுது. டிவி தொடர்பை விட்டுட்டு மறுபடி பிடிக்குது. நல்ல கேபிளா மாத்தி, ஓரமா இழுத்துடலாம்."

"அப்ப நாங்க இல்லாதப்ப ஏன் ஆகல?" என்று கேட்டாள் அவள்.

"டிவியை அணைக்காம நான் எழுந்திருக்கவே மாட்டேன்மா, கரண்ட் வீணாகுமேன்னு" என்றார் அப்பா.

"பின்ன நான் வந்தா மட்டும் ஏன் மாமா எழுந்திருக்கீங்க?" கணவனின் குரலில் இன்னும் கோபம் இருந்தது.

அப்பா தரையைப் பார்த்தார். "பதினோரு நாள் ஆஸ்பத்திரியில என்னைத் தூக்கித் தூக்கி உட்கார வெச்சீங்க மாப்பிள்ளை. பெத்த பிள்ளை கூட அவ்வளவு செய்யாது. நன்றின்னு வாயால சொல்ல வரல. நீங்க வர்றப்ப உட்கார்ந்திருக்க மட்டும் மனசு ஒப்பல."

கணவன் ஓரடி முன்னே வந்து அவர் முழங்கையைப் பிடித்தான். மெல்ல, மிக மெல்ல, அவரை உட்கார வைத்தான்.