கர்னலின் தங்க டப்பா

"டப்பாவத் தேடிக் குடுங்க. அவ வாயத் தொறக்க மாட்டேங்கறா," என்றார் ஓய்வுபெற்ற கர்னல் ஹைரெட்டின்.

போன வெள்ளிக்கிழமை நண்பகலில் அவர் டாக்டரிடம் போயிருந்தபோது, துருக்கியில் உஸ்குதாரிலுள்ள அவர் வீட்டிலிருந்து, சுல்தான் பரிசளித்த தங்க சிகரெட் டப்பா காணாமல் போயிருந்தது. வீட்டில் இருந்தவள் சமையல்காரி நெஃபிஸெ மட்டும்தான். இப்போது போலீஸ் காவலில் இருக்கிறாள்.

"வாயத் தொறந்தா என்ன பாஷை வரும்?" என்று கேட்டார் துப்பறிபவர் சப்ரி.

"கிரேக்கம். ரெண்டு நாட்டு அரசும் ஆளுங்கள மாத்திக்கிட்டப்ப கிரீட் தீவுலருந்து இங்க அனுப்பின முஸ்லிம்தான். ஆனா துருக்கி வராது."

"அப்ப துருக்கியில கேட்டா எப்படி பதில் சொல்லுவா?"

கர்னல் மீசையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

சப்ரியும் உதவியாளன் இல்ஹாமியும் அவருடன் கிளம்பினார்கள். தெருமுனைப் பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அரசு குல்லாவைத் தடை செய்து, விளிம்புத் தொப்பிதான் போட வேண்டும் என்று சட்டம் போட்ட பிறகு வந்த முதல் குளிர்காலம் அது. தலைகளில் முன்விளிம்பு வைத்த புதுத் தொப்பிகள். ஆனால் விளிம்பு பிடரிப் பக்கம் இருந்தது. வாசலைத் தாண்டியதும்தான் முன்னால் திருப்பிக்கொண்டார்கள்.

"மாட்டத் தெரியாம மாட்டியிருக்காங்கண்ணே," என்று சிரித்தான் இல்ஹாமி.

"நீ கடைசியா எப்பப்பா தொழப் போன?" என்றார் சப்ரி.

வீட்டில், அங்கேயே தங்கியிருந்த கர்னலின் தங்கை மகன் முஃபித் இருந்தான். சுற்றிலும் விறைத்த விளிம்புள்ள ஐரோப்பியத் தொப்பியை உள்ளேயும் கழற்றவில்லை.

"வெள்ளிக்கிழமை எங்க இருந்தீங்க தம்பி?"

"மத்தியான ஜும்ஆ தொழுகையில. நல்ல கூட்டம்."

"தலையில?"

"இதே தொப்பிதான், தொழுது முடிக்கிற வரைக்கும். வெறுந்தலையோட நின்னா மாமா மானம் என்னாகும்?"

சப்ரி கம்பளத்தைக் காட்டினார். "அப்படியே தொழுகையில குனியிற மாதிரி ஒரு ஸஜ்தா செய்ங்க."

முஃபித் குனிந்தான். விளிம்பு தரையில் முட்டியது. நெற்றி தொடவில்லை. இன்னும் அழுத்தினான்; தொப்பி கழன்று உருண்டது.

"குல்லாவுக்கு விளிம்பில்ல, நெத்தி தரையில படும்," என்றார் சப்ரி. "அந்தப் பழக்கத்துலயே பொய் சொல்லிட்டீங்க. மத்தவங்க விளிம்பப் பின்னால திருப்பிக்கிறாங்க. உங்களுதுல சுத்தியும் விளிம்பு, திருப்ப ஒண்ணுமில்ல. இதப் போட்டு ஒரு தடவ தொழுதிருந்தாலும் தெரிஞ்சிருக்கும்."

"தொழலைன்னா திருடனா?"

"இல்ல. ஆனா அந்த நேரத்துல எங்க இருந்தீங்கன்னு ஏன் மறைக்கணும்? உங்க ரூமப் பாக்கலாமா?"

முஃபித் கம்பளத்திலேயே உட்கார்ந்துவிட்டான். "தொப்பிப் பெட்டியில இருக்கு மாமா. சுல்தானே நாட்ட விட்டுப் போயிட்டாரு, அவர் டப்பா மட்டும் எதுக்குன்னு நெனச்சேன்."

கர்னல் டப்பாவைப் பார்க்கக்கூடப் போகவில்லை. நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்தார்.

"வீட்டுக்கு வாம்மா," என்றார் நெஃபிஸெயிடம்.

கூடவே வந்திருந்த, கிரேக்கம் தெரிந்த சப்ரி அதை அவளிடம் சொன்னார். அவள் பதிலை ஒரு வார்த்தை விடாமல் கர்னலிடம் சொன்னார்:

"கிரீட்ல துருக்கிக்காரின்னு தொரத்துனாங்க. இவர் வீட்டுல கிரேக்கக்காரின்னு புடிச்சுக் குடுத்தாங்க. என் படுக்கைச் சுருட்டு மட்டும் போதும். அய்வாலிக் ஊர்ல அக்கா இருக்கா, அங்க போறேன்."

மறுநாள் காலை படகுத்துறைக்கு அவள் கைவீசி முன்னால் நடந்தாள். படுக்கைச் சுருட்டைத் தோளில் சுமந்துகொண்டு கர்னல் பின்னால் போனார்.