பாப்பாவுக்கு ஒரு கையெழுத்து

“தொடாதீங்க!”

சௌந்திரம் போட்ட சத்தத்தில் சங்ககிரி பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. மழைக்கு ஒதுங்கியவன் ஒருவன், அவள் இடுப்பிலிருந்த அக்கா மகளின் கன்னத்தைக் கிள்ளக் கை நீட்டியிருந்தான்.

‘போச்சு... தீட்டுப் பார்க்கிறாள் என்று சண்டைக்கு வரப்போகிறான்...’

அவனோ குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு நாலடி தள்ளி நின்றான். “பாப்பாவுக்குப் பொறந்ததிலிருந்தே எதிர்ப்புச் சக்தி இல்லீங்களா?”

“ஏனுங்க, நீங்க டாக்டருங்களா?”

“லாரி டிரைவருங்க. மருதாசலம். எங்கக்கா புள்ளைக்கும் இதேதான்...”

மழையில் நனைந்த அந்தக் கண்கள்... அவளைப் பேச வைத்துவிட்டன. எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாற்றாவிட்டால் இன்னொரு வருஷம் தாங்காது என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். பாப்பாவின் அண்ணனுடைய மஜ்ஜை பொருந்துகிறது. ஒற்றை ஆண்பிள்ளையின் எலும்பில் ஊசி குத்த விடமாட்டேன் என்று அக்காவின் கணவர் சின்னுசாமி கையெழுத்துப் போட மறுக்கிறார்.

“நான் பேசிப் பார்க்கட்டுங்களா?”

“எங்க மாமா கடிச்சுப்புடுவாருங்க!”

“லாரிக்காரனுக்குத் தோல் கெட்டிங்க.”

சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை மாதமாகியிருந்தது!

மறுநாள் மருதாசலம் சின்னுசாமியின் தோட்டத்து வீட்டுக்கு வந்தான். “எங்கக்கா புள்ளைக்கும் அண்ணன்காரன் பொருந்துனானுங்க. பையனுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு நான்தான் அக்காளைத் தடுத்துப்புட்டேன். பையன் பள்ளிக்கூடம் போறானுங்க. புள்ளதான் இல்லீங்க...”

சௌந்திரத்துக்கு நெஞ்சு எரிந்தது. இவனா தடுத்தான்? முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சின்னுசாமி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் கையெழுத்துப் போட்டார்.

வேலூரில் மஜ்ஜை மாற்றினார்கள். அண்ணனுக்கு இடுப்பு நாலைந்து நாள் வலித்தது, அவ்வளவுதான். பாப்பாவுக்குத்தான் கண்டம் மேல் கண்டம். வேலூர்ப் பக்கம் லோடு வரும்போதெல்லாம் மருதாசலம் வந்தான், ஒருமுறை ரத்தமும் கொடுத்தான், சௌந்திரத்தின் பக்கம் பார்க்காமல் போனான். எழுபதாம் நாள், புது அணுக்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டன என்றார் டாக்டர். மருதாசலம் நின்றிருந்த ஆஸ்பத்திரி வாசலுக்குச் சௌந்திரம் ஓடினாள்.

“பாப்பா தேறிட்டாளுங்க!”

சுவரில் சாய்ந்து அழுதான். “நான் செஞ்சது தெரிஞ்சும் எங்கிட்டப் பேசறீங்களே...”

“வெறுத்தேனுங்க. ஆனா அதை வாய்விட்டுச் சொல்ல உங்களுக்கு எத்தனை வலிச்சிருக்கும்... அதையே நெனச்சு நெனச்சு, மனசு உங்க பக்கம் வந்துருச்சுங்க.”

அவன் வார்டுப் பக்கம் பார்த்தான். “ஒருக்காப் பாப்பாவப் பாக்கலாமுங்களா?”

“ஊட்டு மனுசங்களைத்தான் உள்ள உடுவாங்க.”

“அப்ப வெளியவே நிக்கறேனுங்க.”

“எத்தனை நாளைக்கு நிப்பீங்க?” அவள் தலை குனிந்தது. “ஊட்டு மனுசனா வந்துருங்களேன்...”

மருதாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “உங்க மாமாகிட்ட நாளைக்கே வாரேனுங்க.”