இலையை எந்தப் பக்கம் மடித்தேன்

மதியம் ஒரு மணி ஆனதும் கோவில்பட்டியில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் வாய் திறக்கும். எங்கே சாப்பிடலாம் என்று அதற்குள் இருக்கிற பரிந்துரைப்பான் சொல்லும். என் போனும் சொன்னது. "சித்தப்பா, உங்க தெருவுல முப்பத்தெட்டுப் பேரு நூடுல்ஸ் சாப்பிட்டுச் சந்தோஷமா இருக்காங்க."

"எவன்டா உனக்குச் சித்தப்பா?" என்று அதைப் பையில் போட்டுவிட்டுப் பேச்சியம்மாள் மெஸ்ஸுக்குப் போனேன். அன்று அங்கே நான் ஒருத்தன்தான்.

ஒவ்வொரு இலைக்கும் மேலே ஒரு திருப்திக்கண் தொங்கும். கேமராதான். சாப்பிட்டு இலையை நம் பக்கமாக மடித்தால் திருப்தி என்று ஊர் போன்களுக்கெல்லாம் சொல்லும். மடிக்காவிட்டால் அதிருப்தி. நான் மடிப்பதே இல்லை. என் வயிறு நிறைந்ததை அந்தக் கழுதைக்கு ஏன் சொல்ல வேண்டும்?

பேச்சியம்மாள் வந்து நின்றாள். "அண்ணாச்சி, உங்க இலையாலதான் என் கடை அழியுது. இன்னும் ஒரு இலை மடிக்காமப் போனா எந்தப் போன்லயும் என் பேரு வராது. மூட வேண்டியதுதான்."

அவள் வைக்கிற கத்தரிக்காய்க் குழம்பு வேறு எங்கே கிடைக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு மடித்தேன். பழக்கமில்லாத கை. எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டேன், கருமாதிச் சாப்பாட்டில் மடிக்கிற மாதிரி.

"அய்யோ அண்ணாச்சி!"

அதற்குள் போன்கள் பேசிவிட்டன. "பேச்சியம்மாள் மெஸ்ஸில் கருமாதி. உங்க சொந்தக்காரங்க கிளம்பிட்டாங்க." யாருக்குக் கருமாதி? அன்று திருப்திக்கண்ணில் பதிந்த ஒரே முகம் என்னுடையது. செத்தவன் படமாக அதையே போட்டுவிட்டது.

கால்மணி நேரத்தில் தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். அவன் போகிறான் என்று இவன், இவன் போகிறான் என்று அவன். வந்தார்கள், சாப்பிட்டார்கள், பக்கத்து இலையைப் பார்த்துப் பார்த்து எதிர்ப்பக்கமாகவே மடித்தார்கள். கருமாதிக் கணக்கில் அதுதான் முழுத் திருப்தியாம். கடை ஊரிலேயே முதலிடம்.

எதிர்வீட்டுச் சண்முகவடிவு என் கழுத்தில் மாலையைப் போட்டாள்.

"ஏ தாயி, நான் உயிரோடதான இருக்கேன்!"

அவள் போனைப் பார்த்தாள். "நூத்திப்பத்துப் பேரு அழுதிருக்காங்க அண்ணாச்சி. நீங்க ஒருத்தர்தான் இல்லேங்கிறீங்க."

பேச்சியம்மாள் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சுவரோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அசையாம உட்காருங்க அண்ணாச்சி. இன்னும் ரெண்டு பந்திதான்."

உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள். புகை மூக்கில் ஏறியது. தும்மலை அடக்கிக்கொண்டேன்.